நான் ஒட்டி வைத்த பெட்டி

அந்து, வண்ணத்துப்பூச்சி மாதிரிப் பூச்சிகளின் வாழ்க்கையைப் பதினோரு வருஷம் கரும்பலகையில் வரைந்தவன் நான். முட்டை, புழு, கூடு, பூச்சி என்று நான்கு படம் போட்டு, நான்கையும் அம்புக்குறியால் வட்டமாகச் சேர்ப்பேன். நாகர்கோவிலுக்குப் பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடமொன்றில் இயற்கைப் பாடம் என் பொறுப்பில் இருந்தது. இந்த நான்கில் எது தின்னும் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். புழுதான் தின்னும், பறக்கிற பூச்சிக்குக் கடித்துத் தின்கிற வேலை கிடையாது என்று சொல்கிறவனுக்கு முழு மதிப்பெண். அதே கேள்வி என் வீட்டுக்குள் வந்தபோது எனக்குக் கிடைத்தது முட்டை.

முதலில் என் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அதில்தான் தொடங்கியது. கறுப்பு சர்ஜ் துணி, சுத்தக் கம்பளி. கோட்டாற்றில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வருகிற நாளில் வாத்தியார்கள் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்க வேண்டும் என்பது அன்றைய முறை. வருஷத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மற்ற வாத்தியார்கள் நூல் துணியில் தைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்தார்கள். வேர்த்துக் கொட்டுகிற நம் ஊரில் கம்பளிக் கோட்டுப் போட வேண்டும் என்று தோன்றியது எனக்கு ஒருவனுக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் அரைமணி நேரத்தில் முதுகில் ஆறு ஓடும். ஆனாலும் முகத்தைச் சுளிக்காமல் நிற்பேன். கௌரவம் என்றால் சும்மாவா?

எங்கள் தெருவில் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளைக்கு அந்தக் கோட்டை இரவல் கேட்டு ஆள் வரும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். "பாத்துப் போடச் சொல்லுங்கோ, சர்ஜ் துணியாக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுக்க மாட்டேன். ஏழெட்டு மாப்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஒல்லி, பருமன், நெட்டை, குட்டை, எல்லோருடைய வேர்வையும் அதில் இறங்கியது. கழுத்துப் பட்டையில் சந்தனம், நெஞ்சில் பன்னீர், கை மடிப்பில் பாயசம். திரும்பி வந்ததும் உதறி, நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் இருக்கிற அறையில் ஆணியில் மாட்டிவிடுவேன். தண்ணீர் பட்டால் சுருங்கிப் போகும் என்று தையல்காரர் பயமுறுத்தியிருந்தார். அதோடு, பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டுக் கிடையாது, அவற்றை நனைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். தீட்டு இல்லை என்றால் அழுக்கும் இல்லை என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். அழுக்குக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அதே அறையில், பத்தாயத்தின் மேல், என் மனைவியின் தேக்குப் பெட்டி இருந்தது. வீட்டிலேயே ஈரம் ஏறாத இடம் பத்தாயத்தின் மேல்தான் என்பதால் நாஞ்சில் நாட்டில் பல வீட்டுப் பெட்டிகளுக்கும் அதுதான் இடம். அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றில் ஒன்று மட்டும் அவளுக்கு உயிர். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச் சேலை, இறந்துபோன அவள் அம்மையினுடையது. சுசீந்திரம் மார்கழித் தேருக்கு உடுத்திக்கொண்டு போய்விட்டு வந்து மடித்து வைத்தவர், அடுத்த தேருக்கு இல்லை. அதற்குப் பிறகு அதை யாரும் உடுத்தவில்லை, நனைக்கவும் இல்லை. விரித்தால் பிச்சிப்பூவும் வெற்றிலையும் கொஞ்சம் வேர்வையும் கலந்து ஒரு மணம் வரும். அது எனக்குச் சேலை மணம். என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் அது அம்மையின் மணம்.

தங்கைக்கு அம்மை இறக்கும்போது எட்டு வயது. முகம் அவளுக்குக் கலங்கலாகத்தான் நினைவிருந்தது. அவர்கள் வீட்டில் போட்டோ எடுக்கிற வழக்கமும் இல்லை. தோவாளையிலிருந்து எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும், சாப்பிடுவதற்கு முன்னால் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவாள். பெட்டி திறக்கும். சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். "மதி மக்கா, மணம் தீந்து போயிரும்" என்று என் மனைவி சொல்லி மூடுவாள். பெரியவளாகி, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மணவறையில் அம்மை நிற்க வேண்டிய இடத்தில் அக்கா நிற்க வேண்டும், அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும். மாப்பிள்ளை அஞ்சுகிராமம், கல்யாணம் தை மாதம் என்று முடிவாயிற்று.

மாதம் ஒருமுறை என் மனைவி பெட்டியைத் திறப்பாள். சேலையை வெளியே எடுத்து, நடுமுற்றத்துத் தாழ்வாரத்து நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி மடிப்பாள். மடிப்பின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். பெட்டியின் மூலைகளைப் பழந்துணியால் துடைப்பாள். அது வெறும் பெண்பிள்ளைகள் பழக்கம், பொழுது போகாத வேலை என்று நினைத்தேன். அவள் என்ன தேடினாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஆடி மாதம் இன்ஸ்பெக்டர் வந்து போனார். அன்று கோட்டைக் கழற்றும்போது கழுத்துப் பட்டைக்குக் கீழே கடுகு அளவில் ஒரு ஓட்டையைப் பார்த்தேன். பக்கத்தில் கறுப்பாக, அவல் மாதிரித் தட்டையாக ஏதோ சில துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பளிப் பிசிறு என்று நினைத்து விரலால் சுண்டிவிட்டேன். நல்ல கவனமான ஆள்!

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அறைக்குள் போனால், வைக்கோல் நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சிகள் பத்தாயத்தைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. நெல் இருக்கிற வீட்டில் அந்து பறக்காமல் இருக்குமா? எங்கள் நாட்டில் பிறந்தவன் எவனும் அதைப் பொருட்படுத்த மாட்டான். ஆனால் நான் பொருட்படுத்தினேன். துணியில் ஓட்டை, அறையில் பூச்சி. இரண்டையும் ஒரே அம்புக்குறியால் சேர்த்துவிட்டேன். துணியைத் தின்றது நெல் அந்துதான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதியாயிற்று.

"நெல்லத் திங்கிற பூச்சி கோட்ட எதுக்குத் திங்கணும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"உனக்கு அது புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை என்பதால், அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர் தொடங்கியது. பத்தாயத்தில் இருந்த நெல் முழுவதையும் வெளியே எடுக்கச் சொல்லி முற்றத்தில் காயப் போட்டேன். மூன்று பேர் வேலை செய்தார்கள். நான் கோலைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டேன். நெல்லைக் கிளறக் கிளற அந்து கிளம்பியது. "பாத்தியா? பாத்தியா?" என்று நான் குதித்தேன். மத்தியானம் மலைப்பக்கத்திலிருந்து ஒரு சாரல் வந்து அவ்வளவு நெல்லையும் நனைத்துவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடக்க இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் நெல், பூஜை அறையில் நெல், என் புத்தக மேஜைக்கு மேலும் நெல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, வீட்டுக்குள்ளேயே நாத்துப் பாவுதேரா?" என்று கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் நான் அவருக்கு அந்துப் பூச்சியின் வாழ்க்கையைப் பற்றி விளக்கினேன். அவர் பாதியில் போய்விட்டார்.

நெல்லைத் திரும்ப நிரப்பும்போது அடுக்கடுக்காக நொச்சி இலை போட்டோம். சாயங்காலம் ஆனால் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் விளக்கை வைத்தேன். வெளிச்சத்துக்கு வந்து விழுந்து செத்த பூச்சிகளைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. துணியைத் தின்கிற இனம் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும், இருட்டு மடிப்பைத் தேடித்தான் போகும் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். விளக்கைத் தேடி வந்து செத்ததெல்லாம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத பூச்சிகள். தின்றது வரவே இல்லை. அது கோட்டுக்குள் சுகமாக இருந்தது.

இனிமேல்தான் நான் செய்த பெரிய காரியம். பட்டுச் சேலையை நெல் அந்துவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் அல்லவா? பெட்டியைத் திறந்து மூடுவதால்தான் பூச்சி உள்ளே போகிறது என்று முடிவு செய்தேன். ஆகவே பெட்டியை ஒட்டிவிடுவது. இங்கிலீஷ் மருந்துக் கடையிலிருந்து பாச்சை உருண்டை நாலு வாங்கி வந்தேன். கோட்டை இரண்டு உதறு உதறி, நாலாக மடித்து, சேலைக்கு மேல் வைத்தேன்.

"கோட்ட எதுக்கு அம்மைக்க பட்டு மேல வைக்கிய?" என்றாள் அவள்.

"ரெண்டுக்கும் சேத்துப் பாதுகாப்பு."

"மாசம் ஒருக்க நான் எடுத்துப் பாக்கணும்."

"தொறந்தா பூச்சி போயிரும். தை மாசம் வரை யாரும் தொறக்கப்பிடாது."

அவள் பெட்டிக்கு உள்ளே கடைசியாக ஒருமுறை கையை விட்டுச் சேலையைத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டாள். நான் மைதாப் பசை காய்ச்சி, பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்து, மூடியின் இடுக்கு நெடுக ஒட்டினேன். அழகான வேலை. ஒரு எறும்பு நுழைய இடம் வைக்கவில்லை. உள்ளே இருந்தது வெளியே வரவும் இடம் வைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போயிற்று. கார்த்திகையில் ஒருநாள் அவள், "ஒரே ஒரு மட்டம் தொறந்து பாப்போமா?" என்று கேட்டாள். அவள் எதையும் இரண்டாவது தடவை கேட்கிறவள் இல்லை. அந்த ஒரு தடவையும் நான் சிரித்துவிட்டேன்.

மார்கழி கடைசியில், கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தோம். நான்தான் திறந்தேன். பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டதும் நான்தான். வெற்றியைப் பார்க்க ஆள் வேண்டாமா? பாச்சை உருண்டைகளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, நாலும் ஒரே மூலைக்கு உருண்டு போயிருந்தன. கோட்டைத் தூக்கினேன். கழுத்துப் பட்டையும் கையும் சல்லடையாக இருந்தன. சந்தனம் பட்ட இடம், பாயசம் பட்ட இடம், மாப்பிள்ளைகளின் அக்குள், எல்லாம் ஓட்டை. உதறியபோது மணல் மாதிரி எச்சமும் அந்தக் கறுப்பு அவல் துணுக்குகளும் கொட்டின. இந்தத் தடவை துணுக்குகளுக்குத் தலை இருந்தது. ஒன்று என் கண்முன்னாலேயே தலையை நீட்டி, தன் கூட்டை இழுத்துக்கொண்டு நடந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாக விரித்தாள். முந்தானை ஓரத்தில் ஓட்டை, இடுப்பில் செருகுகிற இடத்தில் ஓட்டை. நல்ல இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, வெற்றிலை போட்ட கையைத் துடைத்த இடத்தையும் வேர்வை ஊறின இடத்தையும் பார்த்துத் தின்றிருந்தன. அம்மையின் கை எங்கெங்கே பட்டதோ, அங்கெல்லாம்.

ஒரு கூட்டைக் கிள்ளியெடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். ஒரு பாதி கறுப்பு, மறு பாதி அரக்குச் சிவப்பு. எந்தத் துணியைத் தின்கிறதோ அந்தத் துணியின் நூலாலேயே அந்தப் புழு கூட்டை நீட்டிக்கொள்ளும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் அப்போது சொல்லியிருக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு புத்தகம் தேவைப்படவில்லை.

"இது நெல்லுலேந்தா வந்துது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் எரிந்து விழுந்திருப்பேன், தெரிந்த வேலை அது. அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"கோட்டுலேந்து" என்றேன்.

அப்புறம்தான் அவள் மாதாமாதம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு உறைத்தது. உதறினால் முட்டை விழும். மடிப்பை மாற்றினால் புழுவுக்கு நிலையான இருட்டு கிடைக்காது. மடிப்பின் உள்பக்கத்தைத் தடவினால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இயற்கைப் பாட வாத்தியார் கம்பளியைக் கொண்டுவந்து வைக்கும் வரை, அந்தப் பெட்டியில் ஒரு பூச்சியும் வந்ததில்லை.

சேலையில் இன்னும் புழு இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை ஊசியால் எடுத்தோம். நூலிடுக்கில் முட்டை இருக்குமே, அதை எடுக்க முடியாது. அப்படியே விட்டால் கல்யாணத்துக்குள் மிச்சத்தையும் தின்றுவிடும். நனைத்து அலசி வெயிலில் போட வேண்டும், வேறு வழி இல்லை. இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதே அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

"களுவாம ஒரு வளியும் இல்லியா?" என்றாள்.

எதைக் கேட்டாலும் மூன்று வழி சொல்கிறவன் நான். "இல்ல" என்றேன்.

அன்று முழுவதும் அவள் சேலையைத் தொடவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பட்டு அலச நுரைக்குப் பூந்திக்காய் ஊறப் போட்டிருந்தாள். கிணற்றடியில் மூன்று தண்ணீர் அலசினாள். முதல் தண்ணீர் கலங்கலாகப் போய் வாழை மூட்டில் பாய்ந்தது. நான் வாளி இறைத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். உபயோகமான எந்த வேலைக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை என்று அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வேன், அன்று கூப்பிட்டாள்.

கோட்டையும் நனைத்தேன். தையல்காரர் சொன்னது சத்தியம். அது சுருங்கியதில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவுக்கு வந்துவிட்டது. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். மைத்துனியின் மாப்பிள்ளைக்கு அதை ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்ததால், கோட்டு "பழுது பார்க்கப் போயிருக்கிறது" என்று அஞ்சுகிராமத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அந்த நல்ல மனிதர் வேஷ்டியும் மேல்துண்டுமாக மணவறையில் உட்கார்ந்தார். என் கோட்டைப் போட்ட அத்தனை மாப்பிள்ளைகளையும்விட அவர்தான் பார்க்க நன்றாக இருந்தார், வேர்க்கவும் இல்லை.

என் மனைவி அந்தச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டாள். இருட்டோடு எழுந்து, ஓட்டைகளெல்லாம் கொசுவத்துக்குள்ளும் இடுப்புச் செருகலுக்குள்ளும் போகும்படி மூன்று தடவை கட்டி அவிழ்த்துக் கட்டினாள். ஒரு ஓட்டை மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்காமல் இடப்பக்கம் நின்றது. கல்யாணம் முழுவதும் அவள் இடது கை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பூ விளைகிற தோவாளையில் கல்யாணம் என்றால் பூவுக்குக் குறைவா? பந்தலே மணத்தது. அம்மை நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள்.

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்களை விழுந்து கும்பிட்டு வந்தார்கள். பெண் அக்காவின் காலைத் தொட்டு எழுந்தாள். எழுந்தவள் அக்காவைக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த முந்தானையில் முகத்தைப் புதைத்தாள். இதற்காகத்தான் அவள் ஆறு மாதமாகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி வேறொரு இடத்தில் வைத்தாள். அப்புறம் இன்னொரு இடத்தில்.

தலையைத் தூக்கி, "அக்கா, அம்மைக்க மணத்தைக் காணலியே" என்றாள்.

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். கழுவிவிட்டோம் என்று ஒரு வார்த்தை, என் முட்டாள்தனம் என்று இன்னொரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஊர் முழுக்க அந்துவைப் பற்றிப் பேசின வாய் அது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாத்தியாராகிய நான் அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

என் மனைவி தங்கையின் கன்னத்தைத் துடைத்தாள். "மணம் இருக்கு மக்கா. எத்தர வருசம் ஆச்சு, ஒனக்குத்தான் மறந்து போச்சு" என்றாள்.

அவள் என்னைக் காப்பாற்றினாள். அந்தப் பிள்ளை நம்பிவிட்டாள். தலையை ஆட்டிக்கொண்டு, தப்புச் செய்தவள் மாதிரி, கண்ணைத் துடைத்தபடி மாப்பிள்ளையின் பின்னால் போனாள். அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அழுதாள். எனக்கு அவள் பக்கத்தில் போய் உட்காரத் தைரியம் வரவில்லை.

இப்போது மைத்துனிக்கே பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சில சமயம் சொல்வாள்: "பெத்த தாய்க்க மணத்தையே மறந்தவ நான், அத்தான். என்ன ஜென்மமோ." ஒவ்வொரு தடவையும் என் மனைவி எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, "வயசானா எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லியிருக்கிறேன்.